சன்னி, மலடு: இரு சொற்கள் மறைத்த நோய்

மும்பை மாநகரில், மாட்டுங்காவுக்கும் தாராவிக்கும் இடையே அமைந்துள்ள லேபர் கேம்ப்பில் தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறைகளாக வாழ்ந்து வருகின்றன. தோல் பதனிடும் தொழிலுக்கும், நகராட்சித் துப்புரவுப் பணிக்கும், ஆலை வேலைக்குமாகத் திருநெல்வேலிச் சீமையிலிருந்து புறப்பட்டு வந்தோரின் வழியினர் அவர்களுள் பலர். ஊரை விட்டுப் புறப்பட்ட நாளில் நம் முன்னோர் எடுத்து வந்த பண்டங்கள் சிலவே; ஆயின் அவர்கள் கொண்டு வந்த சொற்கள் பல. பேறுகாலம், பச்சை உடம்பு, மருத்துவச்சி, காயமருந்து என்பன அவற்றுட் சில. அவற்றோடு கூட வந்த வேறு இரு சொற்களைப் பற்றியே இன்று நாம் ஆராயப் புகுகின்றோம். ஒன்று ‘சன்னி’; மற்றொன்று ‘மலடு’.

பிள்ளை பெற்ற பெண்ணுக்கு மூன்றாம் நாளோ ஐந்தாம் நாளோ குளிர் கண்டு, சுரம் ஏறி, வாய் பிதற்றத் தொடங்கினால் ‘சன்னி கண்டுவிட்டது’ என்பர். காற்றுப் பட்டது என்றும், பத்தியம் தவறியது என்றும், தலைவிதி என்றும் அதற்குக் காரணம் கூறுவர். மணமாகிப் பல ஆண்டுகள் சென்றும் பிள்ளை இல்லாத பெண்ணை ‘மலடி’ என்பர். முற்பிறவிப் பாவம் என்றும், ஜாதகக் குறை என்றும் அதற்குக் காரணம் கூறுவர். ஒன்று உயிரைக் கொள்ளும். மற்றொன்று வாழ்வைக் கெடுக்கும். இவ்விரண்டுக்கும் தம்முள் யாதொரு தொடர்பும் இல்லை என்றே மேலோட்டமாக நோக்குவோர் எண்ணுவர்.

ஆனால் மருத்துவர்கள் நுணுகி ஆராய்ந்தபோது, பேறுகாலத்திற்குப் பின் வரும் சுரம் பெரும்பாலும் தோன்றுமிடமும், பிள்ளையின்மைக்குக் காரணமான நோய்களுட் சில குடிகொள்ளுமிடமும் ஒன்றே என்பது தெரிய வந்தது. அவ்விடம் கருப்பையின் உட்சவ்வு ஆகும். அதில் உண்டாகும் அழற்சியையே நம்மவர் இரு வேறு சொற்களால் அறியாமல் குறித்து வந்தனர். பிள்ளையின்மை எல்லாம் இந்நோயால் வருவதன்று. அதற்கு ஆணிடத்தும் பெண்ணிடத்தும் வேறு காரணங்கள் பல உண்டு. எனினும் இந்நோயின் பங்கை நம் நாட்டில் எவரும் புறக்கணித்துவிட முடியாது.

முதலில் அச்சவ்வின் இயல்பை அறிந்து கொள்வோம். கருப்பையின் உட்சுவரை மூடியிருக்கும் மெல்லிய படலம் அது. மாதந்தோறும் தடித்து வளரும்; கரு தங்காவிடில் மாதவிடாயாகக் கழிந்து, மீண்டும் புதிதாக வளரும். கரு தங்கினாலோ, அதனைத் தாங்கி ஊட்டும் நிலமாக அமையும். ஏனைய காலங்களில் கருப்பையின் வாயிலில் உள்ள தடித்த சளி, கிருமிகள் எளிதில் மேலேறாவண்ணம் காத்து நிற்கும். பிரசவத்தின்போது அக்காவல் நீங்குகிறது. நஞ்சுக்கொடி பிரிந்த இடம் உள்ளங்கை அகலத்துக்கு மேற்பட்ட புண்ணாக இருக்கிறது. பிள்ளை பெற்றவளைப் ‘பச்சை உடம்புக்காரி’ என்று நம் பாட்டிமார் அழைத்தனர். கண்ணுக்குத் தெரியாத அப்பச்சைப் புண்ணை அவர்கள் காணவில்லை. ஆயினும் அவர்கள் இட்ட பெயர் பொருத்தமான பெயரே ஆகும். அப்புண்ணில் கிருமி படிவதே பேறுகாலச் சுரத்தின் தொடக்கம். அங்கிருந்து அது கருப்பையின் தசைக்கும், வயிற்றின் உள்ளுறைக்கும், இறுதியில் இரத்தத்துக்கும் பரவும். இரத்தம் நச்சுற்ற நிலையில் நோயாளி பிதற்றுவதையே ‘சன்னி’ என்று வழங்கினர்.

கிருமி எவ்வாறு அங்கே சென்றது? இவ்வினாவுக்கு விடை காண உலகம் பட்ட பாடு பெரிது. ஸ்காட்லாந்து நாட்டின் அபர்தீன் நகரில் 1789 முதல் 1792 வரை இச்சுரம் கொள்ளை நோய்போலப் பரவியது. அலெக்சாண்டர் கார்டன் என்னும் மருத்துவர், நோயுற்ற ஒவ்வொரு பெண்ணுக்கும் பேறுகாலம் பார்த்தவர் யார் என்று பட்டியல் எழுதினார். குறிப்பிட்ட சிலர் சென்ற வீடுகளிலேயே நோய் தொடர்ந்து சென்றதை அப்பட்டியல் காட்டிற்று. தாமும் சில பெண்களுக்கு இந்நோயைக் கொண்டு சென்றதாக அவர் ஒளிக்காமல் 1795-இல் எழுதி வெளியிட்டார். உண்மை கூறியதற்காக ஊராரின் பகைமையைப் பெற்று அந்நகரை விட்டே வெளியேறினார். 1843-இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ஆலிவர் வெண்டல் ஹோம்ஸ் என்பவரும் இதனையே வலியுறுத்தினார். மருத்துவர்கள் கனவான்கள் என்றும், கனவான்களின் கைகள் தூயவை என்றும் கூறி அவரை மறுத்தோர் உண்டு.

இனி நாம் வியன்னா நகருக்குச் செல்வோம். அங்கிருந்த பெரிய பொது மருத்துவமனையில் பிரசவப் பிரிவுகள் இரண்டு இருந்தன. முதற்பிரிவில் மருத்துவ மாணவர்களும், இரண்டாம் பிரிவில் மருத்துவச்சிப் பயிற்சி பெறும் பெண்களும் பணி புரிந்தனர். இரண்டிலும் இலவசமாகப் பிரசவம் பார்க்கப்பட்டமையின் ஏழைப் பெண்களே மிகுதியாக வந்தனர். 1846-ஆம் ஆண்டில் முதற்பிரிவில் பிள்ளை பெற்ற 4,010 பேரில் 459 பேர் இறந்தனர். இரண்டாம் பிரிவில் 3,754 பேரில் 105 பேரே இறந்தனர். ஒரே மருத்துவமனை, ஒரே வகை உணவு, ஆயினும் சாவின் கணக்கு நான்கு மடங்கு வேறுபட்டது. முதற்பிரிவில் தங்களைச் சேர்க்க வேண்டாம் என்று பெண்கள் கையெடுத்துக் கும்பிட்டு அழுதனர். வழியில் தெருவோரத்திலேயே பிள்ளை பெற்றுப் பின்னர் வந்து சேர்ந்தவர்களுக்குக்கூட இந்நோய் அவ்வளவாக வரவில்லை.

அங்கே பணி புரிந்த இக்னாஸ் செம்மல்வைஸ் என்னும் ஹங்கேரி நாட்டு மருத்துவரை இக்கணக்கு உறங்க விடவில்லை. 1847 மார்ச் மாதத்தில் அவருடைய நண்பர் கொலெட்ச்கா, பிணத்தை அறுத்துச் சோதிக்கும்போது மாணவன் ஒருவனின் கத்தி விரலிற்பட்டு இறந்தார். அவர் உடலில் காணப்பட்ட மாறுதல்கள், பேறுகாலச் சுரத்தால் இறந்த பெண்களின் உடலில் காணப்பட்டவற்றை ஒத்திருந்தன. செம்மல்வைஸுக்கு உண்மை புலனாயிற்று. காலையில் பிணங்களை அறுத்த மாணவர்கள், அதே கைகளோடு பிரசவ அறைக்கு வந்தனர். மருத்துவச்சிகளோ பிணங்களைத் தொடுவதில்லை. அவ்வாண்டு மே மாதத்தின் நடுவில், குளோரின் கலந்த நீரில் கை கழுவிய பின்னரே எவரும் தாய்மாரைத் தொட வேண்டும் என்று அவர் விதித்தார். 1848-ஆம் ஆண்டு முழுவதிலும் முதற்பிரிவில் இறந்தோர் 3,556 பேரில் 45 பேரே.

இத்துணைப் பெரிய உண்மையை அக்காலத்து அறிஞர் பலர் ஏற்றாரல்லர். தம் கைகளே தாய்மாரைக் கொன்றன என்று ஒப்புக்கொள்வது எவருக்கும் எளிதன்று. செம்மல்வைஸ் 1861-இல் தம் நூலை வெளியிட்டார். மனம் நொந்து, நிலை குலைந்து, 1865-இல் மனநோயாளர் விடுதி ஒன்றில் 47-ஆம் வயதில் மாண்டார். அவர் உயிரைக் கொண்டதும் புண் வழியாக இரத்தத்தில் பரவிய நச்சே ஆகும்.

இவ்வரலாறு நமக்குக் கூறும் செய்தி ஒன்றுண்டு. ‘ஆஸ்பத்திரிக்குப் போனால் திரும்பி வரமாட்டாள்’ என்று நம் பாட்டிமார் அஞ்சியதை நாம் அறியாமை என்று எள்ளி நகையாடுகிறோம். வியன்னாவில் கையெடுத்துக் கும்பிட்ட பெண்களும் அவ்வாறே எள்ளப்பட்டனர். அவர்கள் அஞ்சியதில் நியாயம் இருந்தது என்பதைப் பின்னர்க் கணக்கே காட்டிற்று. அன்றியும், படிப்பில்லாத மருத்துவச்சி என்று எவரையும் இகழ்வதற்கும் இவ்வரலாற்றில் இடமில்லை. அம்மருத்துவமனையில் மருத்துவச்சியின் கை, கற்றறிந்த மாணவனின் கையைவிடத் தூய்மையாக இருந்தது. குற்றம் கழுவாத கையினுடையது. அக்கை எவருடையதாயினும் ஒன்றே.

செம்மல்வைஸ் விளைவைக் கண்டார், கிருமியைக் கண்டாரல்லர். 1867-இல் லிஸ்டர் புண்களைக் கார்பாலிக் அமிலத்தால் காக்கும் முறையை வெளியிட்டார். 1879-இல் பாரிஸ் மருத்துவக் கழகத்தில் இந்நோயைப் பற்றி வாதம் நிகழ்ந்தபோது, லூயி பாஸ்டர் கரும்பலகையருகே சென்று, மணிகளைக் கோத்த சங்கிலிபோன்ற கிருமியின் வடிவத்தை வரைந்து காட்டி, நோயின் காரணம் இதுவே என்றார். ‘ஸ்ட்ரெப்டோகாக்கஸ்’ என்று இன்று நாம் வழங்கும் கிருமி அது. பின்னர் வேறு கிருமிகளும் கண்டறியப்பட்டன. பெண்ணின் உடலிலேயே, குடலிலும் பிறப்புறுப்பிலும் தீங்கின்றி வாழும் கிருமிகள் பல உள்ளன. பிரசவ வலி நெடுநேரம் நீடித்தாலும், பனிக்குடம் முன்னதாக உடைந்து நாழிகை பல சென்றாலும், நஞ்சின் துணுக்கு உள்ளே தங்கினாலும், அறுவை செய்து பிள்ளையை எடுத்தாலும், அவை மேலேறிச் சவ்வைப் பற்றிக்கொள்ளக்கூடும்.

காரணம் தெரிந்தும் மருந்து கிடைக்க மேலும் அரை நூற்றாண்டு சென்றது. ஜெர்மனியில் தோமாக் கண்டுபிடித்த ‘பிரோண்டோசில்’ என்னும் சல்பா மருந்து 1935-இல் வெளியாயிற்று. லண்டனில் குவீன் சார்லட் மருத்துவமனையில் கோல்புரூக் என்பவர் அதனைப் பேறுகாலச் சுரம் கண்டவர்களுக்குக் கொடுத்துப் பார்த்தார். முதலில் கொடுத்த 38 பேரில் மூவரே இறந்தனர். அதற்கு முந்திய ஆண்டுகளில் அங்கே ஏறத்தாழ ஐவரில் ஒருவர் இறந்துகொண்டிருந்தனர். அடுத்துப் பென்சிலின் வந்தது. நம் நாட்டிலேயே அதனைச் செய்ய வேண்டுமென்று, உலக சுகாதார நிறுவனம், யுனிசெப் ஆகியவற்றின் துணையோடு புனாவை அடுத்த பிம்ப்ரியில் 1954-இல் ‘இந்துஸ்தான் ஆண்டிபயாடிக்ஸ்’ நிறுவப்பட்டது. 1955-இல் அங்கே உற்பத்தி தொடங்கிற்று. வெளிநாட்டிலிருந்து வரவழைக்க வேண்டியிருந்த மருந்து, லேபர் கேம்ப்பிலிருந்து ஒரு பகற்பொழுதில் சென்று சேரக்கூடிய ஊரில் செய்யப்படலாயிற்று.

மருத்துவமனைகளின் வரலாற்றையும் சிறிது நோக்குவோம். சென்னையில் பிரசவ மருத்துவமனை 1844-இலேயே நிறுவப்பட்டது. எழும்பூரில் இன்றும் விளங்கும் தாய்சேய் நல மருத்துவமனை அதன் வழிவந்ததே. ஆண் மருத்துவரிடம் செல்லத் தயங்கிய பெண்களுக்கென மேரி ஷார்லிப் அம்மையார் 1885-இல் சென்னையில் ஒரு மருத்துவமனை தோன்றச் செய்தார். திருவல்லிக்கேணி கஸ்தூரிபா காந்தி மருத்துவமனை என இன்று அறியப்படுவது அதுவே. பம்பாயில் பெண் மருத்துவர்களைக் கொண்டே நடத்தப்படுவதாகக் காமா மருத்துவமனை 1886-இல் திறக்கப்பட்டது. ஆலைத் தொழிலாளர் வாழ்ந்த பரேல் பகுதியில் நௌரோஸ்ஜி வாடியா பிரசவ மருத்துவமனை 1926-இல் எழுந்தது. காமா மருத்துவமனையின் தலைமைப் பொறுப்பை 1928 முதல் வகித்த டாக்டர் ஜெருஷா ஜிராத், பம்பாய் நகரில் தாய்மார் இறப்பதன் காரணங்களை ஆராய்ந்து அறிக்கை எழுதினார். 1929-இல் பம்பாய் மாகாணத்தில் இயற்றப்பட்ட மகப்பேற்று நலச் சட்டம், ஆலையில் உழைத்த பெண்ணுக்குப் பேறுகாலத்தில் ஓய்வும் உதவித் தொகையும் கிடைக்க வழி செய்தது. லேபர் கேம்ப்புக்கு அண்மையில் உள்ள சயான் மருத்துவமனை 1947-இல் தோன்றிற்று. அதன் கிளையாகத் தாராவியில் நடக்கும் நலவாழ்வு நிலையத்தை மக்கள் ‘சோட்டா சயான்’ என்றே அழைக்கின்றனர்.

மருத்துவமனை அருகே இருந்தும் நெடுங்காலம் வரை பேறுகாலம் வீட்டிலேயே நடந்தது. ஒரே அறையில் சேலையைத் திரையாகக் கட்டி, பொதுக் குழாயில் வரிசையில் நின்று பிடித்த நீரைக் கொண்டு, பிறந்த ஊரில் நடந்ததுபோலவே நடத்தினர். ஊரில் கிணறும் முற்றமும் இருந்தன. இங்கே அவை இல்லை. நீர் குறைந்த இடத்தில் கை கழுவுதல் என்பது எளிய அறிவுரையன்று. அது நகராட்சிக் குழாயைப் பொறுத்தது. ஏழையின் நோய்க்கு அவன் பழக்கத்தை மட்டுமே காரணமாகக் கூறுவோர் இதனை நினைவிற்கொள்ளல் வேண்டும்.

வெளியிற் சொல்லப்படாத மற்றொரு காரணமும் உண்டு. விரும்பாத கருவைக் கலைக்க வழி தெரியாமல் குச்சியையும் வேரையும் நாடிய பெண்கள் எத்தனையோ பேர் இதே அழற்சியால் மாண்டனர். இந்நிலையை ஆராய 1964-இல் சாந்திலால் ஷா தலைமையில் ஒரு குழு அமைக்கப்பட்டது. அதன் பயனாக 1971-இல் மருத்துவ முறைக் கருக்கலைப்புச் சட்டம் இயற்றப்பட்டது. தகுதி பெற்ற மருத்துவரிடம், அங்கீகாரம் பெற்ற இடத்தில், சட்டம் வகுத்த எல்லைக்குள் கருக்கலைப்புச் செய்துகொள்ளுதல் அன்று முதல் குற்றமன்று. இதை அறியாது மறைவிடங்களை நாடுவோர் இன்றும் உளர் என்பது வருந்தத்தக்கது.

நிற்க. இனி இரண்டாவது சொல்லுக்கு வருவோம்.

காசநோய் நுரையீரலைப் பற்றுவது என்பதை யாவரும் அறிவர். அக்கிருமி நுரையீரலிலிருந்து இரத்தத்தின் வழியே சென்று கருக்குழாய்களிலும் கருப்பை உட்சவ்விலும் தங்கக்கூடும் என்பதை அறிந்தோர் சிலரே. 1744-இலேயே இத்தாலிய மருத்துவர் மொர்காஞி, இறந்த ஒரு பெண்ணின் உடலில் இந்நோயின் அடையாளங்களைக் கண்டு எழுதியுள்ளார். 1882-இல் ராபர்ட் காக் காசக் கிருமியைக் கண்டறிந்தபின் ஐயம் நீங்கிற்று. இவ்வகைக் காசத்தில் கருக்குழாய்கள் பெரும்பாலும் பாதிக்கப்படுகின்றன. உட்சவ்வு ஏறக்குறைய பாதிப் பேரிடத்தில் பாதிக்கப்படுகிறது. இருமல் இராது, சளி இராது, சளிச் சோதனையில் ஒன்றும் தெரியாது. மாதவிடாய் குறையலாம், அல்லது நின்றுவிடலாம்; அடிவயிற்றில் மந்தமான நோவு இருக்கலாம்; பலரிடத்தில் பிள்ளையின்மை ஒன்றே அறிகுறியாக நிற்கும். காசம் மிகுந்த நம் நாட்டில், அதிலும் காற்றோட்டமற்ற சிறு அறைகளில் பலர் நெருங்கி வாழும் பகுதிகளில், இதனை மருத்துவர்கள் மறவாமல் நினைவிற்கொள்கின்றனர். பக்கத்து வீட்டாரின் இருமலிலிருந்து என்றோ உள்ளே புகுந்து உறங்கிய கிருமிக்காக ஒரு பெண் ‘மலடி’ என்று பெயர் சுமக்கிறாள். சுப காரியங்களில் ஒதுக்கப்படுகிறாள். சிலவிடத்துக் கணவன் மறுமணமும் செய்துகொள்கிறான்.

காசத்துக்கு மருந்து கிடைத்தது 1940-களில். 1943-இல் ஸ்ட்ரெப்டோமைசினும், 1952-இல் ஐசோநையசிட்டும் வந்தன. ஆயினும் மலைச்சாரலில், நல்ல காற்றும் நல்ல உணவும் உள்ள சானட்டோரியத்தில் தங்கினால்தான் நோய் தீரும் என்ற எண்ணம் நீடித்தது. நெருக்கடியான குடிசையில் வாழும் ஏழைக்கு அதன்படி விமோசனமே இல்லை. இவ்வெண்ணத்தை மாற்றிய பெருமை நம் சென்னைக்கு உரியது. 1956-இல் சேத்துப்பட்டில் காசநோய் மருந்துச் சிகிச்சை நிலையம் தொடங்கப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகியவை அதில் இணைந்து பணி செய்தன. சென்னையின் ஏழை நோயாளர் 193 பேரை இரு கூறாக்கி, ஒரு கூற்றாரைச் சானட்டோரியத்திலும், மற்றொரு கூற்றாரை அவர்தம் எளிய வீடுகளிலும் வைத்து, ஒரே மருந்துகளை ஓராண்டு கொடுத்தனர். வீட்டில் இருந்தோர் உண்ட உணவு குறைவு, உறங்கிய இடம் நெருக்கம், ஓய்வும் குறைவு. ஆயினும் நோய் தீர்ந்ததில் இரு சாராருக்கும் பெரிய வேறுபாடு காணப்படவில்லை. உடனிருந்த குடும்பத்தாருக்கு நோய் அதனால் மிகுந்து பரவவுமில்லை. 1959-இல் வெளியான இம்முடிவை உலகமே ஏற்றது. லேபர் கேம்ப்பில் ஒற்றை அறையில் வாழும் பெண் தன் வீட்டிலிருந்தபடியே காசத்துக்கு மருந்துண்டு தேறலாம் என்ற நிலை, சென்னையின் குடிசைவாசிகள் உலகுக்கு ஈந்த கொடை எனலாம்.

இன்று, மாதவிடாய்க்கு முந்திய நாள்களில் உட்சவ்வின் ஒரு சிறு துணுக்கை எடுத்து, உருப்பெருக்கியின் கீழும், கிருமி வளர்ப்பாலும், மரபணுச் சோதனையாலும் ஆராய்கின்றனர். நோய் உறுதியானால், ஆறு மாதம் மருந்துண்ண வேண்டும். அரசின் காசநோய் ஒழிப்புத் திட்டத்தில் மருந்து இலவசம். ஊட்டத்துக்கென மாதந்தோறும் அளிக்கப்படும் தொகை 2024 நவம்பரில் 500 ரூபாயிலிருந்து 1,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. நோய் தீரும் என்பது உறுதி. பிள்ளைப் பேறு கிட்டும் என்பது அத்துணை உறுதியன்று. கருக்குழாயில் வடு விழுந்துவிட்டால் மருந்து அதனை மாற்றாது. எனவே காலத்தே காண்பதே பயன் தரும்.

காசமன்றி வேறு கிருமிகளாலும் இச்சவ்வில் நாள்பட்ட அழற்சி உண்டாகும். கூடுதலால் பரவும் ‘கொனோரியா’, ‘கிளாமிடியா’ முதலியன அவ்வகையின. துர்நாற்றமுள்ள வெள்ளை, மாதவிடாய்க்கு இடையே குருதிப்போக்கு, அடிவயிற்று வலி என்பன அவற்றின் குறிகள். மருந்துகளால் இவை நீங்கும். ஆனால் மனைவிக்கு மட்டும் மருந்து கொடுத்துக் கணவன் மருந்துண்ணாவிடில் நோய் மீண்டும் வரும். இதனைக் கேட்டவுடன் பல ஆடவர் சினம் கொள்கின்றனர். அபர்தீனிலும் வியன்னாவிலும் மருத்துவர்கள் கொண்ட சினத்துக்கும் இதற்கும் வேறுபாடு இல்லை. தன் உடல் வழியே நோய் சென்றது என்று ஒப்புக்கொள்ளும் துணிவு எவரிடத்தும் அரிதே.

பேறுகாலச் சுரத்துக்கு இன்று செய்யும் சிகிச்சையையும் கூறிவிடுவோம். சுரம் 100.4 டிகிரியோ அதற்கு மேலோ ஏறுதல், குளிர் நடுக்கம், அடிவயிற்றில் தொட்டால் நோதல், தீட்டு நாறுதல் அல்லது மிகுதல், நாடி விரைதல் ஆகியவை அடையாளங்கள். மருத்துவமனையில் ‘கிளிண்டாமைசின்’, ‘ஜென்டாமைசின்’ முதலிய மருந்துகளை இரத்தக் குழாய் வழியே செலுத்துகின்றனர். நஞ்சின் துணுக்கு தங்கியிருப்பின் அதனை அகற்றுகின்றனர். பெரும்பாலோருக்கு இரண்டு மூன்று நாள்களில் சுரம் தணிந்துவிடும். அறுவைப் பிரசவத்துக்கு முன்னரே ஒரு வேளை மருந்து செலுத்துவது இந்நோயை வெகுவாகக் குறைத்துள்ளது. 2023-இல் வெளியான ஓர் ஆராய்ச்சியில், நாகபுரியும் பெலகாவியும் உட்பட ஏழு நாடுகளின் பல ஊர்களில் 29,000-க்கு மேற்பட்ட தாய்மார் பங்கு பெற்றனர். பிரசவ வலியின்போது ‘அசித்ரோமைசின்’ ஒரு வேளை உண்டவர்களில் நூற்றுக்கு 1.6 பேருக்கும், உண்ணாதவர்களில் நூற்றுக்கு 2.4 பேருக்கும் இரத்த நச்சோ இறப்போ நேர்ந்ததாக அது காட்டிற்று. இம்மருந்துகள் மருத்துவர் கையில் இருக்க வேண்டியவை. மருந்துக் கடையில் நாமே கேட்டு வாங்கி உண்பதற்குரியவை அல்ல.

இந்தியாவில் 2005-06-இல் நூற்றுக்கு 39 பிரசவங்களே மருத்துவமனைகளில் நடந்தன. 2019-21-இல் அது 89 ஆயிற்று. பாட்டிமாரின் அச்சம் நீங்கிவிட்டது. அச்சத்துக்கான காரணமும் பெரும்பாலும் நீங்கிவிட்டது. எனினும் ஆபத்து இடம் மாறி நிற்பதை நாம் கவனித்தல் வேண்டும். பிள்ளை பெற்றவள் இரண்டு மூன்று நாள்களில் வீடு திரும்புகிறாள். சுரமோ அதன் பின்னரும் வரும். ஆறு வாரம் வரை அதற்கு இடமுண்டு. மருத்துவரும் செவிலியரும் அருகில்லாத அந்நாள்களில், ‘பால் கட்டியதால் வந்த காய்ச்சல்’ என்றும், ‘உடம்பு அசதி’ என்றும் கூறிக் கழிக்கும் ஒவ்வொரு நாளும் கிருமிக்கு நாம் கொடுக்கும் தவணை ஆகும்.

பிற மாநிலத்தில் வாழும் நமக்கு இதில் மற்றோர் இடரும் உண்டு. ஊரிலிருந்து புதிதாக மணமுடித்து வந்த பெண்ணுக்கு மராத்தியும் தெரியாது, இந்தியும் தெரியாது. மருத்துவரிடம் கணவனோ, பக்கத்து வீட்டுப் பையனோ மொழிபெயர்க்கிறான். தீட்டு நாறுகிறது என்று அவள் அவனிடம் எவ்வாறு கூறுவாள்? ‘காய்ச்சல்’ என்ற ஒரு சொல் மட்டுமே மருத்துவரைச் சென்றடைகிறது. மருத்துவரும் காய்ச்சல் மாத்திரை எழுதித் தருகிறார். இக்குறையை நாமே போக்கிக்கொள்ளலாம். சுரத்துக்கு இந்தியில் ‘புகார்’ என்றும் மராத்தியில் ‘தாப்’ என்றும் சொல்வர். வெள்ளைப்படுதலை இந்தியில் ‘சஃபேத் பானி’ என்றும், துர்நாற்றத்தைப் ‘பத்பூ’ என்றும் சொல்வர். பிள்ளை பிறந்து எத்தனை நாள் ஆயிற்று என்பதை முதலிற் கூற வேண்டும். கூடுமானால் தமிழும் இந்தியும் அறிந்த ஒரு பெண் உடன் செல்லுதல் நலம். ஒவ்வொரு வரிசை வீட்டிலும் அத்தகைய அக்கா ஒருவர் இல்லாமற் போகார்.

சன்னி என்ற சொல்லும் மலடி என்ற சொல்லும் நம் முன்னோர் அறிவுக்கு எட்டாத நோய்களுக்கு இட்ட பெயர்கள். அவர்கள் மேல் நமக்குக் குறையில்லை. அன்று வியன்னாவின் பேராசிரியர்களும் அறியாதிருந்தனர். ஆயின் காரணமும் மருந்தும் தெரிந்த பின்னரும் அச்சொற்களையே நாம் சொல்லிக்கொண்டிருப்போமாயின், அதற்கு நாமே பொறுப்பாவோம். பச்சை உடம்பு, காயமருந்து, பேறுகாலம் என்னும் சொற்களை நம் பெண்மக்களுக்கு விட்டுச் செல்வோம். மற்ற இரண்டையும் இத்தலைமுறையோடு நிறுத்திக்கொள்வோம். வீட்டில் பிள்ளை பெற்றவள் சுரமென்று சொன்னால், விடியட்டும் என்று காத்திராமல் அன்றிரவே அவளைச் சயானுக்கு அழைத்துச் செல்வோம்.